நூற்று இருபத்தெட்டுக்குப் பிறகு

ஸ்கார்வோய்
12 பிப்ரவரி 2005

ஐலிஃப்,

நலம் விசாரிக்க எழுதவில்லை.

நேற்றுக் காலைப் படகில் நீ சிறைக்குக் கிளம்பிய பிறகு ஆய்வுக் கொட்டகைக்குப் போனேன். மேசைமேல் புது ஹார்ட் டிஸ்க், பெட்டி பிரிக்காமல் இருந்தது. அதன்மேல் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'செருகினால் போதும். தானே வேலை செய்யும்.'

செருகினேன். தானே வேலை செய்யவில்லை.

பெட்டியில் 250 ஜிபி என்று அச்சடித்திருக்கிறது. கணினி 128 என்கிறது. கழற்றி மாட்டினேன். 128. கேபிளை மாற்றினேன். 128. அணைத்துவிட்டுக் காப்பி குடித்து வந்தேன். 128.

எதற்கு இந்த அவசரம் என்று உனக்கு மறந்திருக்கலாம். மலைக்குள் சுரங்கப்பாதைக்கு வெடி வைப்பது திங்கட்கிழமை தொடங்குகிறது. கோட் மீன்கள் முட்டையிடும் பருவத்தில் உறுமும். வெடிச் சத்தத்தில் அவை வாயடைத்துப் போகின்றனவா என்பதுதான் என் மூன்று வருட ஆய்வு. வெடிக்கு முன்னால் பதிமூன்று நாள், வெடிக்குப் பின்னால் மீதிப் பருவம். அந்த 'முன்' இல்லாவிட்டால் 'பின்' வெறும் சத்தம். நாளை நள்ளிரவோடு 'முன்' முடிகிறது. அது முழுவதும் பழைய 60 ஜிபி டிஸ்க்கில் இருக்கிறது. 16-ஆம் தேதி மாலைக்குள் அது நிரம்பிவிடும். போதாததற்கு இரண்டு நாளாக 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறது.

விண்டோஸ் 2000-ஐ மாற்ற முடியாது, தெரியும். நீருக்கடியில் கிடக்கும் ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் அட்டை புதிய எதிலும் ஓடாது, அதைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். இதை எனக்குப் பத்துத் தடவை சொன்னது நீதான்.

சிறையில் இடம் கிடைக்கத் தண்டனை வரிசையில் பதினான்கு மாதம் காத்திருந்தாய். 'ஈஸ்டருக்குப் பிறகு வருகிறேன்' என்று ஒரு மனு எழுதியிருந்தால் தள்ளிப்போட்டிருப்பார்கள். எல்லோரும் செய்வதுதான். படகுக்காரர் ஹில்மாரின் மருமகன் ஆடுகள் குட்டி போடும் பருவம் என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டான். நீ எழுதவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது.

சுன்னிவா


மோல்ஸ்நெஸ் சிறை
15 பிப்ரவரி

சுன்னிவா,

உன் கடிதத்தை எனக்கு முன்னால் ஒருவர் படித்துவிட்டார். ரோக்ஸ்டா என்று ஒரு காவலர். வருவதும் போவதும் எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான். கையில் கொடுக்கும்போது கேட்டார், "யாருப்பா இது? நல்லாயிருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்கல?"

"அதுதான் அவளோட பாசம்" என்றேன்.

நீ கேட்கவில்லை, ஆனாலும் நலம். திறந்தவெளிச் சிறையில் இடமில்லை என்று இங்கே போட்டுவிட்டார்கள். என் வரிசை அறைகளில் என்னைப் போல் குடித்துவிட்டு ஓட்டிய இரண்டு பேர், வரி கட்டாத ஒரு பல் மருத்துவர். சனிக்கிழமை வாஃபிள் உண்டு. பல் மருத்துவர் எங்கள் வாய்களைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார்.

டிஸ்க் விஷயம். அது பழுது இல்லை. இப்படி நினைத்துக்கொள். டிஸ்க் என்பது ஒரே தெரு, அதில் வரிசையாக வீடுகள். விண்டோஸ் ஒரு தபால்காரர். பழைய தபால்காரரின் படிவத்தில் வீட்டு எண் எழுத இருபத்தெட்டுக் கட்டங்கள்தான் உண்டு. அதற்குள் ஏறக்குறைய இருபத்தேழு கோடி வீடுகள்வரை எழுதலாம். அங்கே 128 ஜிபி முடிகிறது. அதற்கு அப்பாலும் தெரு இருக்கிறது, அவருக்குத்தான் தெரியாது. மதர்போர்டுக்குத் தெரியும். விண்டோஸின் திருத்தப் பொதியும் சென்ற கோடையிலேயே போட்டுவிட்டேன். ஒரே ஒரு வரி மாற்ற வேண்டியது பாக்கி. பத்தாம் தேதி மாலை செய்வதாக இருந்தேன். அன்று மாலை மனம் எதிலும் நிற்கவில்லை.

இப்போதைக்கு 128-ஐ வைத்துக்கொள். பழைய டிஸ்க்கில் இருப்பதை அதில் ஏற்று, பதிவைத் தொடர். மார்ச் எட்டு, ஒன்பதுவரை தாங்கும். நிரம்பினால் 'இடமில்லை' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும், வேறு ஆபத்து இல்லை. 13-ஆம் தேதி விடுதலையாகி வந்து மீதியைப் பார்த்துக்கொள்கிறேன்.

மனு பற்றி. எழுத உட்கார்ந்தேன். பதினான்கு மாதம் தபால்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அழைப்பு வந்திருக்குமோ என்று பயந்தேன். கூப்பிட்டார்கள், போய்விட்டேன். உன்னைத் தண்டிக்க அல்ல. என் நிம்மதிக்காக.

இங்கிருந்து வாரத்துக்கு இருபது நிமிடம் தொலைபேசியில் பேசலாம், அனுமதி வாங்கிய எண்ணுக்கு மட்டும். என் பட்டியலில் அம்மா ஒருவர்தான். இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. கடிதத்தில் மூன்று நாள் ஆவது பேச்சில் மூன்று நிமிடம்.

ஐலிஃப்


ஸ்கார்வோய்
18 பிப்ரவரி

ஐலிஃப்,

உன் கடிதம் இன்று வந்தது. தேவைப்படவில்லை.

புதன்கிழமை விடியற்காலையிலேயே பதிவை நிறுத்திவிட்டு, இரண்டு டிஸ்க்கையும் கம்பளித் தொப்பியில் சுற்றிப் படகிலும் பேருந்திலுமாக நகரத்துக்கு எடுத்துப்போனேன். மின்சாமான் கடை யோஸ்டெய்னிடம்.

"யாரு சொன்னா 128ன்னு?" என்றான். "குடு இங்க."

அவனுடைய புதுக் கணினியில் மாட்டினான். முழுவதையும் ஒரே பகுதியாக வடிவமைத்தான். பத்து நிமிடம். பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே முதலில் ஏற்றிக்கொடுத்தான். "ஐலிஃப் இருந்திருந்தா இதுக்கு நாலு நாளும் ரெண்டு பிரசங்கமும் ஆயிருக்கும்."

திரும்பி வந்து மாட்டினேன். 232 காட்டியது. 250 ஏன் இல்லை என்று கடையிலேயே கேட்டிருந்தேன். "அது கம்பெனிக்காரன் எண்ணுற கணக்கு, அத விடு" என்றான். விட்டுவிட்டேன். பத்து மணி நேரம்தான் இழப்பு. மாலையிலிருந்து பதிவு ஓடுகிறது.

பழைய டிஸ்க் மறுநாள் காலையே செத்துவிட்டது. யோஸ்டெய்ன் ஒரு நாள் தாமதித்திருந்தால் 'முன்' என்று ஒன்று இருந்திருக்காது. உன் இருபத்தேழு கோடி வீடுகளை நம்பிக் காத்திருந்தாலும் இருந்திருக்காது.

படிவத்தை அடுப்பில் போட்டேன். உன் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன். எனக்கு அது வேண்டாம். அந்தக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு, பள்ளத்தில் சாய்ந்த வண்டியை விட்டு நாம் இறங்கி நிற்கும்போது, போலீஸ்காரர் "யாரு ஓட்டினது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ என்னைக் காட்டி "இவதான்" என்றாய். எவ்வளவு இயல்பாகச் சொன்னாய். ஒரு நொடி நானே நம்பினேன். அதன் பிறகுதான் "இல்லை" என்றேன்.

எனவே எழுத்தில் மட்டும். இனி எழுதவும் தேவையில்லை.

சுன்னிவா


மோல்ஸ்நெஸ்
22 பிப்ரவரி

சுன்னிவா,

மீதியைப் படிப்பதற்கு முன் பதிவை நிறுத்து.

நிறுத்திவிட்டாயா? இப்போது படி.

யோஸ்டெய்ன் செய்தது தீர்வு இல்லை. அவன் தன் தபால்காரரைக் கொண்டு முழுத் தெருவுக்கும் வரைபடம் போட்டு, அதை உன் தபால்காரர் கையில் கொடுத்திருக்கிறான். உன் தபால்காரர் வரைபடத்தைப் பார்த்து, 'ஆமாம், 232' என்கிறார். ஆனால் அவர் படிவத்தில் கட்டங்கள் இன்னும் இருபத்தெட்டுதான். இருபத்தேழு கோடியைத் தாண்டிய வீட்டுக்கு முதல் கடிதம் வரும்போது, கொள்ளாத இலக்கத்தை விட்டுவிட்டு மீதியைப் படிப்பார். பூஜ்யம் என்று வரும். தெருவின் முதல் வீட்டுக்குப் போவார். அங்கே இருப்பதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுவார். அடுத்தது, அடுத்த வீடு.

எச்சரிக்கை வராது. எல்லாம் நன்றாக நடப்பதுபோலவே இருக்கும்.

தெருவின் முதல் வீடுகளில் இருப்பது உன் பிப்ரவரி. உன் 'முன்'.

நாளைக்கு மூன்றரை ஜிபிக்குச் சற்று மேல். பத்து மணி நேர இடைவெளியைக் கழித்துப் பார்த்தேன். மார்ச் 9, நண்பகல். தாளில் நான்கு தடவை போட்டேன், பல் மருத்துவரும் ஒரு தடவை போட்டார்.

செய்ய வேண்டியதைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். விண்டோஸின் அமைப்புப் பட்டியலில் போக வேண்டிய பாதை, அங்கே சேர்க்க வேண்டிய பெயர், அதன் மதிப்பு 1. சாய்வுக்கோடுகளைக்கூட மாற்றாதே. சேர்த்ததும் கணினியை ஒரு தடவை அணைத்துப் போடு. பிறகு பதிவு செய்யலாம். ஒருவேளை நண்பகல் தாண்டிவிட்டால் எதையும் சேர்க்காதே. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு எனக்காகக் காத்திரு.

பள்ளத்தைப் பற்றி இப்போது எழுதவில்லை.

ஐலிஃப்


ஸ்கார்வோய்
27 பிப்ரவரி

ஐலிஃப்,

பதில் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். 'எழுதத் தேவையில்லை' என்று நான் சொன்னது உண்மை. நீ உடனே கேட்டுக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. பதினான்கு மாதத்தில் நான் சொன்னதில் நீ கேட்டது இது ஒன்று.

வெடி நாளுக்கு ஒன்று, பிற்பகல் இரண்டுக்கு. முதலில் மேசைமேல் காப்பி நடுங்குகிறது, பிறகு காதில் விழுகிறது. வெடித்த பிறகு நாற்பது நிமிடம் தண்ணீரில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு மீன். இன்னொன்று. முன்பு போல இல்லை. ஆனால் 'போல இல்லை' என்பது நிரூபணம் ஆகாது. பருவம் முடிந்ததும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

துறைமுகத்தில் ஹில்மார் என்னை விடுவதில்லை. "என்ன சுன்னிவா, மீனுங்க இன்னிக்கு என்ன பேசிக்கிச்சு? என்னப் பத்தியா?"

"உங்க படகுச் சத்தம் கேட்டதும் பேச்ச நிறுத்திடுதுங்க."

"என் பொண்டாட்டியும் அப்படித்தான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருஷமா நாங்க கேட்டு வாங்கின சுரங்கம். நீ எதையாவது கண்டுபிடிச்சு அத நிறுத்திப்புடாத."

நான் கண்டுபிடிப்பது யாருக்கும் வேண்டாம் என்று தோன்றுகிறது. என் ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் ஹெல்லெ மட்டும் வாரம் ஒரு தடவை கேட்கிறார்: "அந்தப் பதிமூணு நாளும் பத்திரமா இருக்குல்ல?" இருக்கிறது என்கிறேன். 93 ஜிபி, எந்தச் சிக்கலும் இல்லை.

ஏன் உனக்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

சு.


மோல்ஸ்நெஸ்
4 மார்ச்

சுன்னிவா,

உன் 27-ஆம் தேதிக் கடிதம் இன்று வந்தது. '93 ஜிபி, எந்தச் சிக்கலும் இல்லை' என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். 22-ஆம் தேதி நான் எழுதியது உன் கைக்கு வரவே இல்லை.

ரோக்ஸ்டாவிடம் ஓடினேன்.

"அந்தக் கடுதாசியா? நிறுத்தி வெச்சிருந்தேன்" என்றார்.

"ஏன்?"

"கூட ஒரு தாளு இருந்துச்சே. எழுத்தும் கோடும் ஒன்னும் ஒன்னுமா. என்னன்னு தெரியாம எப்படி அனுப்புறது? ஏதாவது சங்கேதமா இருந்தா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"கேட்டா நீ உண்மையச் சொல்லுவன்னு என்ன நிச்சயம்? அதான் வீட்டுக்குக் கொண்டுபோயி சோதிச்சுப் பாத்தேன்."

"சோதிச்சீங்களா?"

"வீட்டுல ஒரு மெஷின் கெடக்கு. ரெண்டு வருஷமா 128தான் காட்டிக்கிட்டு இருந்துச்சு. நீ எழுதின மாதிரியே செஞ்சேன்." முகம் மலர்ந்தது. "முழுசா காட்டுது, ஐலிஃப்! சங்கேதம் இல்லன்னு உறுதி ஆயிடுச்சு. அனுப்பிடலாம்."

பத்து நாள். என் தாள் பத்து நாள் அவர் வீட்டில்.

"சார், இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லுங்களேன்."

"கைதியோட சொந்தச் சேதிய நான் சொல்லக் கூடாதுப்பா. விதி."

"என் தாளப் பாத்து உங்க மெஷின சரி பண்ணிக்கிட்டது விதியா?"

"அது சோதனைப்பா."

அம்மாவுக்குப் போன் செய்தேன். இந்த வாரத்து இருபது நிமிடமும் அதற்கே போனது. "எம் புள்ளைய உள்ள தள்ளினவ. அவகூட நான் பேசணுமா?" என்பதற்குப் பதினைந்து நிமிடம். மீதி ஐந்தில் தெரு, தபால்காரர், இருபத்தேழு கோடி. பாதியில் இணைப்பு அறுந்துவிட்டது. அவர் உன்னிடம் என்ன சொல்வாரோ தெரியாது. எது சொன்னாலும் நிறுத்து. தயவுசெய்து.

இரண்டு கடிதமும் ஒரே பையில் போகின்றன. வானிலை அறிக்கை பார்த்தேன். வெளியில் காற்று ஏறிக்கொண்டிருக்கிறது.

ஐலிஃப்


ஸ்கார்வோய்
8 மார்ச், மாலை

ஐலிஃப்,

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா கூப்பிட்டார். பதினான்கு மாதத்தில் முதல் தடவை.

"குன்வோர் பேசுறேன். ஐலிஃப் ஒன்ன மெஷின நிறுத்தச் சொன்னான். ஒம்பதாந் தேதிக்குள்ள."

"ஏன்?"

"தபால்காரன் வீட்ட எரிச்சிருவானாம். எனக்கென்ன தெரியும்? அவன் சொன்னா செய்யேன். ஒருவாட்டியாவது அவன் சொல்றபடி செஞ்சா கொறஞ்சா போயிடுவ?"

வைத்துவிட்டார்.

இதற்கு நான் என்ன நினைக்க வேண்டும்? இரண்டரை வாரம் ஒரு வரி இல்லை. பிறகு அம்மா வழியாக ஓர் உத்தரவு. காரணம் இல்லாமல். இந்த வாரம்தான் மீன்கள் உச்சத்தில் இருக்கின்றன. நிறுத்திய ஒவ்வொரு மணி நேரமும் அடுத்த வருடம்வரை திரும்பாது. யோஸ்டெய்னிடம் போனில் கேட்டேன். "பொறாம புடிச்சவன்" என்றான்.

உண்மையைச் சொன்னால் ஞாயிறு இரவு சுட்டியை 'நிறுத்து' மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணத்தோடு ஒரு வரி வந்திருந்தால் அழுத்தியிருப்பேன். வெறும் 'அவன் சொன்னா செய்' என்பதற்கு என்னால் முடியவில்லை.

மூன்று நாளாகப் படகு ஓடவில்லை, தபால் இல்லை. 125 ஜிபி. ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு இதை அனுப்புகிறேன்.

9 மார்ச்

காற்று இறங்கியது. மூன்று மணிக்குப் படகு. உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக.

துறைமுகத்திலேயே நின்று படித்தேன். பிறகு ஓடினேன். ஹில்மார் பின்னாலிருந்து, "மீனு கூப்பிடுதா?" என்றார்.

மணி நான்கு ஆறு. பச்சை விளக்கு. 128.6. எந்தப் புகாரும் இல்லை. எல்லாம் நன்றாக நடப்பதுபோலவே இருந்தது.

பதிவை நிறுத்தினேன். நீ சொன்னதை நம்பாமல் அல்ல, பார்க்காமல் இருக்க முடியாததால், பிப்ரவரி முதல் தேதியைத் திறந்தேன். அதிகாலை இரண்டு மணிக் கோப்பு. வெடிக்குப் பதிமூன்று நாள் முன்னால்.

வெடித்தது.

அதன் பிறகு நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை. இன்றைய பிற்பகல்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.

10 மார்ச்

எதையும் தொடவில்லை. கொட்டகையைப் பூட்டியிருக்கிறேன், எனக்கு எதிராகவும். ஞாயிறு உன்னை விடுகிறார்கள். பதினொன்று நாற்பது படகைப் பிடி. எனக்காக வராதே. அந்த டிஸ்க்குக்காக வா.

சுன்னிவா


ஸ்கார்வோய்
24 மார்ச், பெரிய வியாழன்

ஐலிஃப்,

ஈஸ்டர் விடுமுறைக்கு ஊரே மலைக்குடிலுக்குப் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே, கொடியில் காயப்போட்ட கோட் மீன்கள் ஜோடி ஜோடியாக ஆடுகின்றன. கொட்டகையில் நானும் ஹெட்போனும்.

நீ இங்கிருந்த நான்கு நாளையும் முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எழுத முடியாமல் போகலாம். முதல் இரண்டு நாள் நீ டிஸ்க்கை விட்டு எழவே இல்லை. மூன்றாம் நாள் நீ மீன் ஈரலும் முட்டையும் வேகவைத்தாய், உப்பு அதிகம். நான்காம் நாள் காலை கண் சிவந்து வாசலில் நின்றாய். "எல்லாம் வந்துடுச்சு, சுன்னிவா. பதிமூணு நாளும். ஒரு மணி நேரம்கூட போகல."

நான்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன். நீ அல்ல. அதை நினைவில் வைத்துக்கொள், இனி வருவதைப் படிக்கும்போது.

கேட்டேன், "அந்த நாலு மணி நேரம் எப்படி வந்துச்சு? மேல எழுதிட்டா போயிடும்னு நீதானே எழுதின."

"எங்கேயோ ஒரு நகல் ஒதுங்கிக் கெடந்துச்சு" என்றாய். எவ்வளவு இயல்பாகச் சொன்னாய்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஹெல்லெக்கு அனுப்பிவிட்டேன். அவர் ஒரே வரியில் பதில் எழுதினார்: 'முழுமையான முன்நிலை, வாழ்த்துகள்.'

நேற்றிலிருந்து முதல் நாளை நானே கேட்டு எண்ணுகிறேன். ஒவ்வோர் உறுமலுக்கும் ஒரு கோடு. அதிகாலை மூன்று பன்னிரண்டுக்கு ஹில்மாரின் படகு கிளம்புகிறது. இயந்திரம் மூன்று தடவை இருமுகிறது, பிறகு பிடித்துக்கொள்கிறது.

பிப்ரவரி முதல் தேதி புயல். ஒரு படகும் கிளம்பவில்லை. என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன், காற்றின் வேகத்தோடு.

இரண்டாம் தேதியைத் திறந்தேன். மூன்று பன்னிரண்டு. மூன்று இருமல். நொடிக்கு நொடி ஒன்றே.

இரண்டாம் தேதியின் முதல் நான்கு மணி நேரத்தை எடுத்து, முதல் தேதியின் பெயர் வைத்து, ஓட்டையில் அடைத்திருக்கிறாய். கோப்பின் நேரத்தைக்கூட மாற்றியிருக்கிறாய். நல்ல வேலைப்பாடு. மீன்களை மட்டும் கேட்கிற எவரும் கண்டுபிடிக்க முடியாது.

நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். வெறும் நான்கு மணி நேரம். புயல் நாளில் மீன் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறது. அவளுக்குப் பதிமூன்று வேண்டும், பதிமூன்று கொடுப்போம். எனக்காகத்தான் செய்தாய். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. பள்ளத்தில் உனக்காகப் பொய் சொன்னாய், அதை வெறுக்க முடிந்தது. இது எனக்காக. இதை எங்கே வைப்பது?

நான் ஓட்டாத வண்டியில் என்னை மறுபடியும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்திருக்கிறாய். இந்தத் தடவை என் பெயர் ஆய்வேட்டின் அட்டையில் அச்சாகி இருக்கும்.

நீ ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் என்னிடம் பன்னிரண்டு நல்ல நாட்கள் இருந்திருக்கும். பன்னிரண்டு போதும், ஐலிஃப். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது அந்தப் பன்னிரண்டையும் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. ஒவ்வொரு மணி நேரத்தையும் அடுத்த மணி நேரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறாய் என்று.

செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகம் திறக்கிறது. ஹெல்லெக்கு எழுதப்போகிறேன். என்ன எழுதினாலும், 'என் தொழில்நுட்ப உதவியாளர் செய்தார், எனக்குத் தெரியாது' என்றுதான் முடியும். மாட்டிக்கொண்ட எல்லோரும் சொல்கிற வாக்கியம். நான் சொன்னாலும் அது அப்படித்தான் ஒலிக்கும்.

சுன்னிவா


மோல்ஸ்நெஸ், அம்மா வீடு
29 மார்ச்

சுன்னிவா,

நீ எழுத வேண்டாம். நான் எழுதிவிட்டேன். இன்று காலை ஹெல்லெக்கு அனுப்பினேன், பதிவுத் தபாலில். முதலில் ஒரு பக்கம் வந்தது. பழைய விண்டோஸ், இருபத்தெட்டுக் கட்டங்கள், ரோக்ஸ்டா, புயல், உன் முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. கிழித்தேன். அடுத்த மூன்றிலும் எங்கேயாவது ஒரு 'ஏனென்றால்' நுழைந்துவிட்டது. அவற்றையும் கிழித்தேன்.

டிஸ்க்கிலிருந்து மீட்டதை, எதையும் திருத்துவதற்கு முன்பே, தனியாக ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். ஓட்டை ஓட்டையாகவே இருக்கும் நகல். அதை ஹெல்லெக்கு அனுப்பியிருக்கிறேன், உனக்கு அல்ல. வரிக்கு வரி அவரே ஒப்பிட்டுக்கொள்ளட்டும். ஆய்வு நிலையத்தில் இனி எனக்கு வேலை இருக்காது. சாவியை நாளைப் படகில் அனுப்புகிறேன்.

அனுப்பிய கடிதத்தின் நகல் கீழே.

*

பேராசிரியர் ஹெல்லெ அவர்களுக்கு,

பிப்ரவரி 1, நள்ளிரவு முதல் அதிகாலை நான்குவரையிலான பதிவுகள் உண்மையானவை அல்ல. மறுநாள் பதிவுகளிலிருந்து நான் அவற்றைத் தயாரித்தேன். உங்களுக்கு அனுப்பப்பட்ட நாளில் சுன்னிவாவுக்கு இது தெரியாது. அவர் என்னைக் கேட்டார், நான் பொய் சொன்னேன். மற்ற பதிவுகளை நான் மாற்றவில்லை, சரிபார்க்க மூல நகலை இணைத்திருக்கிறேன்.

ஐலிஃப் துன்ஸ்டா